ஓட்டப்பிடாரம் மண்ணில் ஜினியா: நோயுற்றோர் இல்லத்திற்கு ஏற்ற பூச்செடி

விதை ஊன்றிய ஐந்தாறு நாள்களில் முளைவிட்டு, ஏறத்தாழ அறுபதாம் நாளில் மலர்ந்துவிடும் செடி ஜினியா. அதனைப் பற்றி எழுத முற்பட்டதற்கு அந்த விரைவே முதற்காரணம். நீரிழிவுக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மருத்துவம் பெறுவோர் தம் முயற்சியின் பயனைக் கண்ணாற் காண்பது அரிது. உணவைக் குறைத்து, நாள்தோறும் நடந்து, மாத்திரை தவறாமல் உட்கொண்ட பின்னர், மூன்று மாதம் கழித்து ஆய்வகத் தாளில் ஓர் எண் சற்றே குறைந்திருக்கும். அவ்வளவே. அந்த மூன்று மாதத்திற்குள் ஜினியா முளைத்து, கிளைத்து, பூத்து, விதையும் தந்துவிடும். சோர்ந்திருக்கும் மனத்திற்கு இத்தகைய குறுகிய காலக் கணக்கு மிகவும் தேவை.

இரண்டாவது காரணம் அதன் விதை. கத்தரி, தக்காளி விதைகளைப் போல் நுண்ணியதாய் இராமல், ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் நீளத்தில் தட்டையாக, அம்பு முனை போல் இருக்கும். பக்கவாதத்திற்குப் பின் விரல்கள் முழுமையாக மடங்காதோரும், பார்வை குறைந்தோரும் அதனை ஒவ்வொன்றாக எடுத்து ஊன்ற முடியும். பிசியோதெரபி பிரிவில் பயறு பொறுக்கச் சொல்வதும் இதுவும் விரலுக்கு ஒரே பயிற்சிதான். இதில் பின்னர் பூவும் கிடைக்கிறது.

வாசனை இல்லாத பூவை வளர்த்து என்ன பயன் என்று கேட்போர் நம் பக்கத்தில் மிகுதி. மல்லிகையும் பிச்சியும் பழகிய ஊரில் அக்கேள்வி நியாயமானதே. ஜினியா கூந்தலுக்குரிய பூ அன்று, கண்ணுக்குரிய பூ. வாசனையைத் தாங்காத ஆஸ்துமா நோயாளிகள் உள்ள வீட்டில் அதுவே ஒரு வசதியாகவும் அமைகிறது.

கண்ணுக்குரிய பூ என்றதற்கு இன்னொரு பொருத்தமும் உண்டு. மெக்சிகோவைத் தாயகமாகக் கொண்ட இச்செடிக்கு 1759-ஆம் ஆண்டில் லின்னேயஸ் சூட்டிய பெயர், ஜெர்மனியின் கோட்டிங்கன் நகரில் பேராசிரியராக இருந்த ஜொஹான் காட்ஃபிரீட் ஜின் என்பவரின் நினைவாக அமைந்தது. ஜின் தாவரவியலார் மட்டும் அல்லர், உடற்கூற்றியலாரும் ஆவார். மனிதக் கண்ணின் அமைப்பை விரித்துரைத்து 1755-இல் அவர் வெளியிட்ட நூல் கண் மருத்துவத்தின் அடிப்படை நூல்களுள் ஒன்று. கண்ணின் வில்லையைச் சுற்றிப் பிடித்து நிறுத்தியிருக்கும் நுண்ணிழைகளுக்கு இன்றளவும் அவர் பெயரே வழங்குகிறது. கண்புரை அறுவையின்போது மருத்துவர் மிகுந்த கவனத்தோடு காப்பது அந்த இழைகளைத்தான். ஜின் தம் முப்பத்தோராம் வயதில் மறைந்தார்.

எவருக்கு எந்த இரகம்

விதைக்கடையில் "ஜினியா" என்று மட்டும் கேட்டால் பெரும்பாலும் நெட்டை இரகமே கிடைக்கும். அது எல்லோர்க்கும் ஏற்றதன்று. செடியின் உயரத்தையும் பராமரிப்பையும் வளர்ப்பவரின் உடல்நிலையோடு பொருத்திப் பார்த்தே இரகத்தைத் தேர்ந்தெடுத்தல் நலம்.

பெனரி ஜயண்ட், கலிபோர்னியா ஜயண்ட் முதலியவை ஏறத்தாழ இடுப்புயரம் வளர்வன. பூவின் அகலம் பத்து சென்டிமீட்டரையும் தாண்டும். முழங்கால் தேய்மானத்தால் குனியவும் குந்தவும் இயலாதவர்களுக்கு இவையே உகந்தவை. நின்றபடியே கிள்ளலாம், நின்றபடியே பூப் பறிக்கலாம். ஆனால் ஆடிக் காற்றுக்கு இவை நில்லா. தென்மேற்குப் பருவக் காற்று நம் வட்டாரத்தில் மழையின்றி வெறுங்காற்றாக வீசும் மாதங்களில் குச்சி நட்டுக் கட்டாத நெட்டைச் செடி ஒன்றுகூட நிமிர்ந்திராது.

தம்பலினா, டிரீம்லேண்ட் போன்ற குட்டை இரகங்கள் ஒரு சாண், ஒன்றரைச் சாண் உயரத்தில் நின்றுவிடும். சக்கர நாற்காலியில் இருப்போர், படுக்கையிலிருந்து சன்னல் வழியே காண்போர் ஆகியோருக்கு இவற்றைத் தொட்டியில் வைத்து, தொட்டியை மேசை உயரத்திற்கு ஏற்றிவிடலாம். இடைப்பட்டது லில்லிபுட்: முழங்கால் உயரம், பொத்தான் போன்ற உருண்டைப் பூக்கள்.

இவையனைத்தும் ஒரே சிற்றினத்தைச் சேர்ந்தவை. சாம்பல் நோய்க்கும் இலைப்புள்ளி நோய்க்கும் எளிதில் ஆட்படுபவை. குறுகிய இலைகளையுடைய வேறொரு சிற்றினம் உண்டு. பூ சிறியது, ஒற்றை அடுக்கு, வெண்மை அல்லது ஆரஞ்சு நிறம். அழகில் ஒரு படி குறைவு என்பர். ஆனால் வெயிலையும் வறட்சியையும் நோயையும் நன்கு தாங்கும். இவ்விரண்டு சிற்றினங்களையும் கலந்து உருவாக்கப்பட்டவையே புரொஃபியூஷன், ஸஹாரா வரிசைகள். விதை விலை கூடுதல். எனினும் பராமரிப்போரே களைத்திருக்கும் வீடுகளில், அதாவது ஒருவர் படுக்கையிலும் மற்றொருவர் அவரைப் பார்த்துக்கொள்வதிலும் காலம் கழியும் வீடுகளில், நான் பரிந்துரைப்பது இக்கலப்பினத்தைத்தான். வாடிய பூவைக் கிள்ளாவிட்டாலும் அது பூத்துக்கொண்டிருக்கும். இரு நிறம் கலந்த சிறு பூக்களை விரும்புவோர் பெர்ஷியன் கார்பெட் என்னும் இரகத்தை நாடலாம்.

கரிசலும் உப்புநீரும்

ஓட்டப்பிடாரம், குறுக்குச்சாலை, பாஞ்சாலங்குறிச்சிப் பக்கத்துக் கரிசல் மண் பருத்திக்கும் கம்புக்கும் உளுந்துக்கும் தாய்மண். ஜினியாவுக்கு அது நேரடியாக ஏற்றதன்று. மழையில் உப்பி நீரைப் பிடித்துக்கொள்ளும். வெயிலில் பாளம் பாளமாக வெடித்து வேரை அறுக்கும். காரத்தன்மை மிகுதியாதலால் இரும்புச் சத்து செடிக்கு எட்டாமல், நரம்பு பச்சையாகவும் இலை மஞ்சளாகவும் மாறும். பெரிய பாத்தி எடுக்க வேண்டியதில்லை. ஒரு முழ அகலத்திற்கு, ஒரு சாண் உயர மேட்டுப் பாத்தி போதும். கரிசலோடு பருமணலும் நன்கு மட்கிய தொழுவுரமும் சம பங்கு கலந்தால் மண் இளகிக் கொடுக்கும். தொட்டியாயின் கரிசலை விடுத்துச் செம்மண் சேர்க்கலாம். தேங்காய்நார்க் கழிவு பயன்படுத்துவோர் அதனை இருமுறை நல்ல நீரில் அலசிப் பிழிந்த பிறகே சேர்க்க வேண்டும். அலசாத நார்க்கழிவில் உப்பு மிகுதி.

உப்பைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். கடலையும் உப்பளங்களையும் அடுத்த நம் பகுதியில் ஆழ்துளைக் கிணற்று நீர் பல தெருக்களில் உவர்ப்பானது. அதனால்தான் வீடுதோறும் ஆர்.ஓ. இயந்திரம் வந்துவிட்டது. அவ்வியந்திரம் வெளியேற்றும் கழிவுநீரை வீணாக்க மனமின்றிச் செடிக்கு ஊற்றுவோர் பலர். அந்நீரில் நிலத்தடி நீரின் உப்பு மேலும் அடர்ந்திருக்கிறது. தரை கழுவுவதற்கு அது ஆகும், பூச்செடிக்கு ஆகாது. தொட்டியின் விளிம்பில் வெண்ணிறப் பொருக்குப் படிந்தால், இலை நுனி கருகினால், மாதம் ஒருமுறை மழைநீரையோ குடிநீரையோ தொட்டியின் அடித்துளை வழியே தாராளமாக வழிந்தோடும்படி ஊற்றிவிட வேண்டும். சிறுநீரகத்தைப் போலவே தொட்டிக்கும் உப்பை வெளியேற்ற ஒரு வழி திறந்திருக்க வேண்டும்.

விதைக்கும் காலம் மார்கழிக் கடைசி. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, மண்ணில் ஈரமும் காற்றில் வறட்சியும் உள்ள அப்பருவத்தில் விதைத்தால் மாசிக் கடைசியில் முதல் பூவைக் காணலாம். பங்குனி முழுவதும் பூக்கும். புரட்டாசியில் விதைத்தால் ஐப்பசி மழையில் சிக்கி இலைகள் புள்ளி விழுந்து அழுகும். விதையை அரை அங்குலத்திற்குக் குறைவான ஆழத்தில் நேரடியாகப் பாத்தியிலோ தொட்டியிலோ ஊன்றுக; பிடுங்கி நடுவதை ஜினியா விரும்புவதில்லை. நெட்டை இரகத்திற்குச் செடிக்குச் செடி ஓர் அடியும், குட்டைக்கு அரை அடிக்குச் சற்று மேலும் இடைவெளி விடுதல் காற்றோட்டத்திற்கு இன்றியமையாதது. செடி ஒரு சாண் உயரம் வந்ததும், மூன்றாம் இலைச்சோடிக்கு மேலே கொழுந்தைக் கிள்ளிவிட வேண்டும். மனம் வராதுதான். கிள்ளாத செடி ஒற்றைத் தண்டாய் உயர்ந்து ஒரு பூவைக் காட்டும். கிள்ளியது நான்கைந்து கிளைவிடும்.

நீர் விடுவதில் ஓர் உண்மைச் செய்தி. 2015-ஆம் ஆண்டின் இறுதியில் பன்னாட்டு விண்வெளி நிலையத்தில் ஜினியாவை வளர்த்தபோது ஈரம் மிகுந்து இலைகளில் பூஞ்சை படர்ந்தது. விசிறியின் வேகத்தைக் கூட்டினர். பின்னர்ச் செடிகள் வறளத் தொடங்கின. விண்வெளி வீரர் ஸ்காட் கெல்லி, தரையிலிருந்து அனுப்பப்படும் அட்டவணைப்படி அன்றி, செடியின் நிலையைக் கண்ணால் பார்த்துத் தாமே நீர்விட அனுமதி கேட்டுப் பெற்றார். 2016 சனவரி நடுவில் ஆரஞ்சு நிறப் பூ ஒன்று மலர்ந்தது. மருந்தை அட்டவணைப்படி உட்கொள்ளுங்கள். ஜினியாவுக்கு நீரை அவ்வாறு விடாதீர்கள். விரலை ஒரு கணு ஆழம் மண்ணில் செருகிப் பார்த்து, ஈரம் இல்லையேல் மட்டும், இலை நனையாமல் தூரில் ஊற்றுக.

தொட்டியின் அடியில் வைக்கும் தட்டில் நீர் தேங்கவிடலாகாது. டெங்குக் கொசு வளர்வதற்கு அந்தச் சிறுநீர்ப்பரப்பே போதும். வாரம் ஒருமுறை தட்டைக் கவிழ்த்துத் தேய்த்துக் கழுவுங்கள். அல்லது தட்டையே அகற்றிவிடுங்கள்.

மண்ணில் இறங்குமுன்

இதுவரை சொன்னவை செடியைப் பற்றியவை. இனி வருவது வாசகர்கள் கட்டாயம் படிக்க வேண்டிய பகுதி.

பல ஆண்டு நீரிழிவால் பாதத்தில் உணர்ச்சி மங்கியோர், தம் கால் மரத்திருப்பதை அறியாமலே இருப்பர். உணர்ச்சி ஒரே நாளில் போவதில்லை. ஆண்டுக்கணக்கில் சிறிது சிறிதாகக் குறைவதால் குறைந்ததே தெரிவதில்லை. சீமைக்கருவேல முள் பரவிக் கிடக்கும் நம் ஊரில், வெறுங்காலோடு பாத்தியில் நிற்கும் அத்தகைய ஒருவருக்கு முள் தைத்தால் வலிக்காது. வலிக்காத புண்ணை எவரும் பார்ப்பதில்லை. பத்து நாள் கழித்துக் காலுறையிலோ படுக்கை விரிப்பிலோ கறை கண்டு வீட்டார் அழைத்து வருகின்றனர். அதற்குள் சீழ் எலும்பைத் தொட்டிருக்கக்கூடும். விரலையோ காலையோ அகற்ற நேரும் நோயாளிகளுள் பலருக்குத் தொடக்கம் இத்தகைய ஒரு சிறு காயமே.

தென்னாட்டு மண்ணுக்கும் முள்ளுக்கும் மருத்துவ வரலாற்றில் ஒரு தனி இடமே உண்டு. மதுரையில் பணியாற்றிய கில் என்ற மருத்துவர் 1842-இல் ஒரு விந்தையான கால் நோயைப் பதிவு செய்தார். வலியின்றி வீங்கி, பல துளைகள் விழுந்து, அவற்றின் வழியே கறுப்பாகவோ வெளிறியோ மணிகள் போன்ற துகள்கள் வெளியேறும் அந்நோய்க்கு "மதுரைக் கால்" என்னும் பெயர் உலகெங்கும் பரவியது. மண்ணில் வாழும் பூஞ்சையோ, ஒருவகைப் பாக்டீரியாவோ முள் குத்திய வழியே உட்புகுவதால் வருவது அது. நீரிழிவு இல்லாதவரையும் தாக்கும். வெறுங்காலோடு வயலில் உழைப்போரிடையே இன்றும் காணப்படுகிறது. மழைக்காலத்தில் ஈரமண்ணிலிருந்தும் தேங்கிய நீரிலிருந்தும் தொற்றும் மெலியாய்டோசிஸ் என்ற நோயும் தமிழகத்தில் பதிவாகியுள்ளது. நீரிழிவு உள்ளோரையே அது மிகுதியாகத் தேடி வருகிறது. மண்வேலை செய்த நீரிழிவு நோயாளிக்குக் காய்ச்சல் ஒரு வாரத்தைக் கடந்து நீடித்தால், மண்ணைத் தொட்ட செய்தியை மருத்துவரிடம் மறவாமல் சொல்லுங்கள்.

ஆகவே, மூடிய காலணியும் காலுறையும் அணியாமல் பாத்தியில் இறங்க வேண்டாம். வீட்டுக்குள் அணிய நாங்கள் தரும் எம்.சி.ஆர். செருப்பு முன்புறம் திறந்தது. தோட்டத்திற்கு அது போதாது. காலணியை அணியுமுன் கவிழ்த்துத் தட்டுங்கள்: கல்லோ, தேளோ இருக்கலாம். கைக்கு இரப்பர் உறை. வேலை முடிந்ததும் சோப்பால் கழுவி, விரலிடுக்கு வரை துடைத்து, உள்ளங்காலைக் கண்ணாடியில் பார்க்க வேண்டும். இயலாதவர்க்கு மகனோ மருமகளோ பேரப்பிள்ளையோ பார்த்துச் சொல்லலாம். டெட்டனஸ் தடுப்பூசி போட்டுப் பத்தாண்டு கடந்திருந்தால் விதை வாங்குமுன் அதனைப் போட்டுக்கொள்ளுங்கள்.

இன்சுலின் போட்டுக்கொள்வோர் காலையுணவு உண்ட பின்னரே செடி வேலையைத் தொடங்க வேண்டும். சட்டைப்பையில் இரண்டு மிட்டாய் இருக்கட்டும். இரத்த அழுத்த மாத்திரை, நீர் வெளியேற்றும் மாத்திரை உட்கொள்வோர் குந்தியிருந்து சட்டென்று எழுந்தால் தலைசுற்றி விழ நேரும். மணையிலோ சிறு முக்காலியிலோ அமர்ந்து செய்க. டயாலிசிஸ் செய்துகொள்வோர் ஃபிஸ்துலா உள்ள கையால் தொட்டியையோ வாளியையோ தூக்கலாகாது. பத்து லிட்டர் வாளி பத்துக் கிலோ எடை என்பதை இதய அறுவைக்குப் பின் வீடு திரும்பியோரும் நினைவிற் கொள்க. அவர்களுக்குச் சிறு பூவாளியே போதும், அதுவும் மருத்துவர் அனுமதித்த பிறகு. கண்புரை அறுவை செய்துகொண்டோர் குறிப்பிட்ட வாரங்கள் முடியும்வரை மண்ணைக் கிளறவேண்டாம்.

கீமோதெரபி பெறுவோரும், உறுப்பு மாற்று அறுவைக்குப் பின் எதிர்ப்பாற்றலைக் குறைக்கும் மருந்து உட்கொள்வோரும் மண்ணையும் தொழுவுரத்தையும் தொடவே கூடாது. மட்கிய உரத்தைக் கிளறும்போது பறக்கும் பூஞ்சைத் துகள் அவர்களின் நுரையீரலில் தங்கிக் கொடிய நோயாகலாம். அவர்கள் விரும்பினால் எந்த நிறம், எந்த இரகம், எந்த இடம் என்பதை அவர்களே முடிவு செய்யட்டும். கைவேலையைப் பிறர் செய்யலாம். இதனைச் சிறிய பங்கு என்று எண்ண வேண்டாம். நோயுற்ற நாள் முதல் வீட்டில் எதையும் அவர்களைக் கேட்டு முடிவு செய்வது நின்றுபோயிருக்கும்.

பார்த்தீனியம் களையால் முகத்திலும் கழுத்திலும் தோல் தடித்து அரிக்கும் ஒவ்வாமை உள்ளோருக்கு ஜினியா ஆகாமற் போகலாம். இரண்டும் சூரியகாந்தி, செவ்வந்தி முதலியவற்றின் குடும்பத்தைச் சேர்ந்தவை. அவ்வொவ்வாமை உள்ளவர் நந்தியாவட்டையையோ செம்பருத்தியையோ தேர்வது நன்று.

சாம்பல் நோய் கண்டால் பாதிக்கப்பட்ட இலைகளைக் கிள்ளி அப்புறப்படுத்தி, செடிகளுக்கிடையே காற்றோட விடுங்கள். மாவுப்பூச்சிக்குச் சோப்புக் கரைசல் போதும். பூச்செடிக்கென்று பூச்சிமருந்து வாங்கி வீட்டில் வைக்க வேண்டாம் என்பதை வேண்டுகோளாக அன்றி மருத்துவக் கட்டளையாகவே எழுதுகிறேன். நீண்ட நாள் நோயால் மனம் தளர்ந்த ஒருவர் இருக்கும் வீட்டில், பரணிலோ மாட்டுத் தொழுவத்திலோ கைக்கெட்டும் இடத்தில் அந்தப் புட்டி இருத்தல் ஆகாது. குளிர்பானப் புட்டியில் ஊற்றி வைத்த மருந்தைக் குழந்தைகள் எடுத்துக் குடித்துவிடும் அபாயமும் உண்டு. ஒரு செடி பட்டுப்போனால் வேறொன்றை விதைத்துக்கொள்ளலாம்.

பூவும் விதையும்

ஜினியாவில் ஓர் இதழ் என்று நாம் எண்ணுவது உண்மையில் ஒரு தனிப் பூ. நடுவிலுள்ள மஞ்சள் விண்மீன்களும் தனித்தனிப் பூக்கள். பல சிறு பூக்கள் கூடியமர்ந்ததே நாம் காணும் ஒரு பூ. நடுப்பூக்கள் தெரியும் ஒற்றை அடுக்கு இரகங்களை வண்ணத்துப்பூச்சிகள் மிகுதியும் நாடும். படுத்திருப்பவர் சன்னலுக்கு வெளியே வைக்க அவையே ஏற்றவை.

பறிக்கும் பதத்தை அறிய எளிய வழி உண்டு. பூவுக்கு ஒரு சாண் கீழே தண்டைப் பிடித்து மெல்ல ஆட்டிப் பாருங்கள். தலை துவண்டு ஆடினால் இன்னும் இரண்டு நாள் பொறுக்க வேண்டும். தண்டு விறைப்பாக நின்றால் வெட்டலாம். அதிகாலையில் வெட்டி, நீரை நாள்தோறும் மாற்றினால் ஒரு வாரம் வாடாமல் இருக்கும்.

அவ்வாறு பறித்த பூக்களை மருத்துவமனைக்கு எடுத்து வர விரும்புவோர் பொதுப் பிரிவின் செவிலியரைக் கேட்டுவிட்டுக் கொணரலாம். தீவிர சிகிச்சைப் பிரிவுக்கும், புற்றுநோய்ப் பிரிவுக்கும், தீக்காயப் பிரிவுக்கும் பூச்சாடி ஆகாது. சாடியில் நிற்கும் நீரில் ஒரே நாளில் பெருகும் கிருமிகள் அங்குள்ளோருக்குக் கேடு விளைக்கும். செவிலியர் தடுத்தால் வருந்த வேண்டாம். கைப்பேசியில் படமெடுத்துக் காட்டுங்கள்.

விதை சேர்க்க, ஒவ்வொரு நிறத்திலும் ஒரு பூவை மட்டும் செடியிலேயே விட்டுவிடுங்கள். அது பழுப்பு நிறமாகக் காய்ந்தபின் பறித்து, நிழலில் ஒரு வாரம் உலர்த்தி, இதழின் அடியில் ஒட்டியுள்ள விதைகளை உதிர்த்துக் காகித உறையில் இடுக. இலைப்புள்ளி கண்ட செடியிலிருந்து விதை எடுக்க வேண்டாம்; அந்நோய் விதை வழியே அடுத்த தலைமுறைக்கும் செல்லும். கலப்பின இரகங்களின் விதையிலிருந்து அதே நிறமும் உருவமும் வரும் என எதிர்பார்க்க இயலாது. மற்றவற்றிலும் தேனீக்கள் கலந்துவிடுவதால் சிவப்புக்கு விதைத்த இடத்தில் இளஞ்சிவப்பு பூக்கலாம். உறையின் மேல் இரகத்தின் பெயரையும் மாதத்தையும் எழுதி, மாத்திரைப் பெட்டிக்கு எட்டத் தள்ளி, ஈரம் படாத இடத்தில் வைத்தால் அடுத்த மார்கழிக்கு ஆகும்.